இஸ்திரிப் பெட்டியும் இளைஞர் அணியும்

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், மூலை அறையில் இருப்பவரைத் தெருவில் எல்லோரும் பெட்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இஸ்திரிப் பெட்டியால் வந்த பெயர். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் தெரிந்தவர் ஒருவர், "படிக்கிறவங்க கண்ணு கலங்கணும், பாத்துக்குங்க" என்றார். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. பெட்டியம்மா அழுது நான் பார்த்ததில்லை. பிறரை அழவைத்துப் பார்த்திருக்கிறேன். அதுவும் பெரும்பாலும் சட்டையைத் திருப்பி வாங்கத் தாமதமாக வந்தவர்களை. நான் பார்த்ததைப் பார்த்தது என்றும், அவர் சொன்னதை அவர் சொன்னது என்றும் எழுதுகிறேன்.

முதலில் அந்த அறை. அதற்கு ஒரே ஜன்னல். பெட்டியம்மா அதைக் கிழக்கு ஜன்னல் என்பார், உண்மையில் தென்கிழக்கு. ஜன்னலை ஒட்டிப் பேருந்து நிறுத்தம். வேலைக்குப் போகிறவர்கள் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் உள்ளே இருக்கும் தேய்ப்பு மேசையைத் தொடலாம். காலையில் சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறலாம், மாலையில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். ஊரில் எத்தனையோ தேய்ப்புக் கடைகள் இருந்தும் பெட்டியம்மாவிடம் துணி குவிந்ததற்கு அவருடைய கை பாதிக் காரணம். மறுபாதி அந்த ஜன்னல்.

அறைக்கு வாடகை கிடையாது. முந்தைய அரசு எங்கள் கட்டடத்தைக் கட்டியபோது மேல்தளத்தை என்னைப் போன்ற ஓய்வுபெற்ற குடிநீர் வாரிய ஊழியர்களுக்கு வாடகைக்கு விட்டது. தரைத்தளத்தை உழைக்க இயலாதவர்களுக்கும் வருமானமில்லாத முதியவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது. பெட்டியம்மாவுக்கு அறை கிடைத்தது முதல் வகையில். பேருந்துப் படியிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது தோள் மூட்டு நழுவியது. சரியாகப் பொருந்தவே இல்லை. வலது கையால் எதையும் தூக்க இயலாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

ஆனால் மருத்துவர் இடது கையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அறை கிடைத்த பிறகு சில மாதம் பெட்டியம்மா சும்மா இருந்தார். அதாவது, இருக்கப் பார்த்தார். ஜன்னல் வழியே பேருந்துக்கு நிற்கிறவர்களின் சட்டைகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. "கசங்கின சட்டைங்க வரிசையா நின்னுக்கிட்டு என்னையே பாக்குது ஐயா" என்று என்னிடம் சொன்னார். ஒரு நாள் கரிப் பெட்டியை இடது கையில் எடுத்தார். அந்தக் கை பழகும்வரை பலியானவை என்னுடைய சட்டைகள். ஒன்றில் பைக்கு மேல் பெட்டியின் மூக்கு அப்படியே பழுப்பாகப் பதிந்தது. "ஐயா, இதுக்குக் கூலி வேணாம்" என்றார். "சட்டை?" என்றேன். "அதுவும் இனிமே உங்களுக்கு வேணாம்" என்றார்.

இடது கைக்கு வாகாக மேசையைத் திருப்பிப் போட்டபோதுதான் அவருடைய முகம் ஜன்னல் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு நிறுத்தத்தில் நிற்கும் எவரும் தப்பியதில்லை. "தம்பி, அந்தக் கால்சட்டையோடயா பொண்ணுங்க வேலை செய்யற ஆபீசுக்குப் போற?" என்று ஒரு கேள்வி போதும், மறுநாள் அந்தத் தம்பி மூட்டையோடு வருவான். இப்படியாக, இயலாதவர் என்று கிடைத்த அறையில் எங்கள் வட்டாரத்திலேயே அதிகம் உழைக்கிற பெண்மணி குடியிருந்தார்.

அவருடைய கணவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. அவரைத் தலைவர் என்று கூப்பிடுவோம். அவரும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் படித்தவர்கள். எனக்கு அறுபத்தெட்டு. அவருக்கு, அவர் சொல்கிறபடி, ஐம்பத்தைந்து. தலைமுடி, மீசை, புருவம் மூன்றுக்கும் சாயம் பூசுவார். வெயிலில் நின்றால் மீசை கொஞ்சம் இறங்கும். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கட்சியின் வட்டார இளைஞர் அணியில் அவர் துணைச் செயலாளர். அந்தப் பதவியை அவர் வகித்த காலத்தில் இளைஞராகச் சேர்ந்தவர்கள் தாத்தாவாகி விலகிப் போயிருக்கிறார்கள். இவர் மட்டும் இளைஞராகவே இருந்தார்.

தலைவர் வேலை எதற்கும் போனதில்லை. வேலையைப் பற்றிப் பேசுவார். அறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருவோர் போவோரிடம் இலவசங்களை எதிர்த்து வெளுத்து வாங்குவார்.

"சும்மா குடுக்கறது இருக்கே, அது மனுஷனோட முதுகெலும்ப உருவி எடுத்துடும்" என்பார்.

"முதுகெலும்பு இருக்கறவங்க யாராவது எழுந்து இந்தக் கரி மூட்டைய உள்ள வைக்கறது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"மூட்டையத் தூக்கறது வேற, நாட்டைத் தூக்கறது வேற."

"நாட்டை அப்புறம் தூக்கலாம். இப்ப காலைத் தூக்குங்க, பெருக்கணும்."

தலைவர் காலைத் தூக்கிக்கொண்டு பேச்சைத் தொடர்வார்.

அந்த வருடம் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஆளுங்கட்சி வேட்பாளர், எதிர்க்கட்சி வேட்பாளர் இருவருடைய வெள்ளைச் சட்டைகளும் பெட்டியம்மாவிடம்தான் வரும். இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனிக் கொடியில் தொங்கவிடுவார். முடிவு வந்த மறுநாள், தோற்றவர் வீட்டிலிருந்து சட்டை வந்தது. கூடவே ஒரு செய்தி: "இனிமே கஞ்சி வேணாம்னு சொன்னாங்க." ஜெயித்தவர் வீட்டிலிருந்தும் வந்தது: "அட்டை மாதிரி நிக்கணும்னு சொன்னாங்க." தலைவரின் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. அவர் தெருவெல்லாம் சுற்றி வாழ்த்துப் பெற்றார். கட்டடத்து முகப்பில் 'மக்களுக்கு அரசின் அன்புக் கொடை' என்றிருந்த பலகையைக் கழற்றிவிட்டு 'உழைப்பவருக்கே உயர்வு' என்று வேறு பலகை மாட்டினார்கள். பழைய பலகையின் ஆணிகள் நான்கும் சரியாக இருந்ததால் புதிதாக ஆணி வாங்கவில்லை.

அடுத்ததாக வந்தது 'தன் காலில் தானே' திட்டம்.

திட்டம் இதுதான். அரசின் உதவி பெறுகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஓர் ஆய்வாளர் வருவார். உழைக்க இயலாதவர் என்று பார்த்து உறுதி செய்தால் அறை நீடிக்கும். உழைத்துச் சம்பாதிப்பவர் என்று தெரிந்தால் அவரைப் பாராட்டி, மந்திரி கையால் சான்றிதழ் கொடுத்து, அந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஆய்வின்போது உதவி பெறாத அண்டைவீட்டார் ஒருவர் உடனிருந்து, எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்திட வேண்டும்.

அறிவிப்பை நான்தான் பெட்டியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஊரெல்லாம் போய்க் கத்தினீங்களே, இதுக்குத்தானா?"

"கொள்கைன்னா கொள்கைதான். வீட்டுக்கு ஒண்ணு, நாட்டுக்கு ஒண்ணா?"

"நாட்டுல எங்க வேணா படுத்துக்கலாம்னு நினைச்சுட்டீங்க. இந்த ஜன்னல் போச்சுன்னா நான் எங்கங்க தேய்ப்பேன்? தெருக்கோடியில ஒரு பொந்து பிடிக்கவே இந்த வருமானம் பத்தாது."

நான் குறுக்கிட்டேன். அறிவிப்பில் இன்னொரு வழியும் இருந்தது. குடும்பத்தில் அறுபத்தைந்து வயது முடிந்த, வருமானமில்லாத ஒருவர் இருந்தால் அறையை முதியோர் கணக்கில் அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டியம்மா தலைவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தலைவருக்கு மீசை துடித்தது. "டேய், நீ ஃப்ரெண்டாடா? இளைஞர் அணித் துணைச் செயலாளர முதியோர் லிஸ்ட்ல போடுவியா? அதுவும் இலவச அறைக்கு! செத்தாலும் மாட்டேன்."

"செத்துட்டா பிரயோஜனம் இல்லைங்க, உயிரோட இருக்கணும்னு போட்டிருக்கு" என்றார் பெட்டியம்மா.

தலைவர் மசியவில்லை. ஆகவே வேறு வழியில்லாமல் நாடகம் என்று முடிவாயிற்று. ஆய்வாளர் வரும்போது பெட்டியம்மா கட்டிலில் சாய்ந்து, வலது கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, முனகிக்கொண்டிருப்பார். தேய்ப்பு மேசை மேல் பாத்திரங்களை வைத்துச் சமையல் மேசை ஆக்குவது. வாடிக்கையாளர் மூட்டைகளையெல்லாம் என் வீட்டில் வைப்பது. தலைவரையும் என் வீட்டில் வைப்பது. அவர் கீழே இருந்தால் ஆய்வாளரை வரவேற்றுச் சொற்பொழிவு ஆற்றிவிடுவார் என்று பயம்.

உடனிருந்து கையெழுத்திட என்னைத்தான் கேட்டார்கள். ஆனால் பெட்டியம்மாவுக்கு முழு நிம்மதி இல்லை.

"ஐயா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு."

"கேட்டால்தானே சொல்வேன்."

"கேட்டாலும் கொஞ்சம் லேட்டா சொல்லுங்க."

ஆய்வு நாள் காலையில் மூட்டைகளை மேலே கொண்டுவந்தோம். என் கட்டிலிலும் நாற்காலியிலும் இடமில்லை. தலைவர் ஒரு கால்சட்டை மூட்டையின் மேல் படுத்துக்கொண்டு, தான் பேச முடியாமல் போன வரவேற்புரையை உத்தரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

அங்கே ஒரு தவறு நடந்திருந்தது. அவசரமான ஒரு சட்டையைக் கடைசியாகத் தேய்த்துக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியம்மா கரியைப் பற்றவைத்திருந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் பெட்டியைக் குளியலறையில் வைத்து, பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்து கட்டிலில் விழுந்தார்.

ஆய்வாளர் இளைஞர், நிஜமாகவே இளைஞர். தோளில் பை, கையில் படிவம், சட்டைப் பைக்கு மேல் 'நான் லஞ்சம் வாங்குவதில்லை' என்று எழுதிய வட்டச் சின்னம். புதிய அரசு எல்லா ஊழியர்களுக்கும் அதைக் கொடுத்திருந்தது. பணிவாக வணக்கம் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஏதோ கருகற வாசனை வருதே?"

"மனசுதான் சார்" என்றார் பெட்டியம்மா. முனகினார்.

ஆய்வாளர் படிவத்தைப் பிரித்தார். "வலது கையால ஏதாவது தூக்க முடியுமாம்மா?"

"ஒரு டம்ளர் தண்ணி தோளுக்கு மேல போகாது சார்."

"வலி இருக்கா?"

"மழை வந்தா முதல்ல என் தோளுக்குத்தான் தெரியும்."

இவையெல்லாம் உண்மை. நான் தலையாட்டினேன். அடுத்த கேள்விதான் முக்கியமானது. இதற்கான பதிலைப் பெட்டியம்மா முந்தின நாள் முழுவதும் சொல்லிப் பார்த்திருந்தார்.

"அப்ப, வேலை எதுவும் செய்யறதில்ல?"

பெட்டியம்மா ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் உள்ளே வந்ததிலிருந்தே அவருடைய சட்டைக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

"சார், இந்தச் சட்டைய எங்க தேய்க்கக் குடுத்தீங்க?"

"எங்கயும் குடுக்கல. நானேதான் தேய்ச்சேன்." ஆய்வாளர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப அப்படித்தானே இருக்கணும்? அவங்கவங்க வேலைய அவங்கவங்களே."

"அது தெரியுது."

"ஏன், நல்லா இல்லையா?"

"கையில ரெண்டு மடிப்பு ஓடுது சார். ஒண்ணு ஆபீசுக்குப் போகுது, ஒண்ணு வீட்டுக்குத் திரும்பி வருது."

நான் இருமினேன். பெட்டியம்மா என்னைப் பார்க்கவில்லை.

"காலர்ல பாருங்க, பளபளன்னு கண்ணாடி மாதிரி. தண்ணி தெளிக்காம வெறும் சூட்டுல அழுத்தியிருக்கீங்க. பட்டன் பட்டிய விட்டே விட்டுட்டீங்க. எல்லாரும் எல்லாத்தையும் தானே செய்யறேன்னு கிளம்பினா இப்படித்தான்."

ஆய்வாளரின் முகம் வாடியது. "இன்னைக்கு மதியம் பெரிய அதிகாரி முன்னாடி போய் நிக்கணும்மா. எல்லா ஆய்வாளரும் வரோம். போன தடவையே எல்லார் முன்னாடியும், ‘படுக்கையிலேர்ந்து நேரா எழுந்து வந்தியா’ன்னு கேட்டுட்டாங்க."

"கழட்டுங்க."

நான் இன்னும் பலமாக இருமினேன். "ஐயாவுக்குச் சளி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியம்மா கட்டிலிலிருந்து இறங்கினார். மேசை மேலிருந்த பாத்திரங்களை இடது கையால் ஓரங்கட்டினார். குளியலறைக்குப் போய் வாளியை உதைத்துத் தள்ளிப் பெட்டியை எடுத்து வந்தார். வாளியின் அடி உருகிச் சப்பையாகியிருந்தது. ஆய்வாளர், வாத்தியார் சொன்னதைக் கேட்கும் பிள்ளை மாதிரி, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்தார். பெட்டியம்மா லஞ்சச் சின்னத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதன் மேல் பெட்டி பட்டால் உருகிவிடும்.

அவர் தேய்ப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் காலரைப் பின்பக்கமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு. பிறகு தோள்பட்டை. பிறகு கைகள், பழைய இரண்டு மடிப்புகளின் மேலும் தண்ணீர் தெளித்து, ஈரம் ஊறும்வரை பொறுத்து, ஒரே இழுப்பு. பெட்டி துணி மேல் போகிற சத்தம் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. வலது கை கழுத்துத் துணியில் தொங்கியபடியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த ஒருவர் வழக்கம்போல ஒரு மூட்டையை உள்ளே நீட்டி, "சாயந்திரம் வாங்கிக்கறேன்க்கா" என்றார். பெட்டியம்மா வழக்கம்போல, "வை, வை" என்றார்.

பிறகு சட்டையை உதறி ஆய்வாளரிடம் நீட்டினார். அப்போதுதான் அவருடைய மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

"ஐயா," என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார், "நான் என்ன பண்ணிட்டேன்?"

"சட்டை தேய்ச்சுட்டீங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

ஆய்வாளர் சட்டையைப் போட்டுக்கொண்டார். குனிந்து கைகளைப் பார்த்தார். இத்தனை நாள் அந்தச் சட்டைக்குள் இருந்தவர் வேறு யாரோ என்பது போல இருந்தது. பைக்குள் கையை விட்டார், பாதியில் நிறுத்தினார்.

"அம்மா, ஒரு சிக்கல். காசு குடுத்தா நீங்க தொழில் பண்றீங்கன்னு ஆயிடும். குடுக்கலன்னா நான் லஞ்சம் வாங்கினேன்னு ஆயிடும்." ஜன்னல் விளிம்பில் இருந்த சின்னத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். நீங்க எதுவும் தேய்க்கல. நான் எதுவும் பாக்கல. பெரியவரும்..."

பெரியவர் நான். என் கையில் பேனா இருந்தது. கையெழுத்திட மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அதற்குள் பெட்டியம்மா பேசிவிட்டார்.

"அதெப்படி சார்? தேய்ச்சத தேய்க்கலன்னு எப்படிச் சொல்றது? அந்தக் காலரப் பாருங்க. இத யாரும் தேய்க்கலன்னு சொன்னா எவன் நம்புவான்?" கையை நீட்டினார். "கூலியக் குடுங்க. கூலி வாங்காம நான் தேய்ச்சது கிடையாது."

ஆய்வாளர் கொடுத்தார். பெட்டியம்மா வாங்கி டப்பாவில் போட்டார். ஆய்வாளர் படிவத்தில் இருந்த இரண்டு கட்டங்களில் இரண்டாவதில் குறியிட்டார்: தன் காலில் நிற்பவர்.

"வாழ்த்துக்கள்மா" என்றார், வருத்தமாக. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

"சார், ஒண்ணு கேக்கறேன். இந்த அறை இருக்கறதால நான் வேலை செய்யறேன். வேலை செய்யறதால அறைய எடுக்கறீங்க. அறை போனா வேலை போயிடும். வேலை போனா நான் மறுபடி இயலாதவ. அப்ப திரும்ப அறை குடுப்பீங்க. நடுவுல எதுக்கு சார் இந்த மேசையத் தூக்கிட்டு அலையணும்? என்னால முடிஞ்சத வாடகையா எடுத்துக்கங்களேன்."

ஆய்வாளர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா வாடகைக்குக் கட்டம் இல்ல."

இந்த நேரத்தில் தலைவர் இறங்கி வந்தார். மேலே வரவேற்புரையை முடித்துவிட்டார் போலிருக்கிறது. வலது கன்னத்தில் ஒரு கால்சட்டைக் கொக்கி பதிந்திருந்தது. "இளைஞர் அணி சார்பாக..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பெட்டியம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து கங்குகளைத் தகரத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். பகல் வேளையில் அவர் கரியை அணைத்து நாங்கள் இருவரும் பார்த்ததில்லை.

"ஏன் அணைக்கற?"

"காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவ்வளவுதான். மேசை மேல் விரித்திருந்த கம்பளியை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தார். தலைவர் காத்திருந்தார். திட்டு வரும் என்று நின்றார். வரவில்லை.

"ஏதாவது சொல்லேன்" என்றார்.

"என்னத்தச் சொல்ல? நகருங்க, கம்பளி மேல நிக்கறீங்க."

தலைவர் நகர்ந்தார். கம்பளியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எப்படி மடிப்பது என்று தெரியாமல் வெறுமனே பிடித்திருந்தார். பிறகு ஆய்வாளரிடம் கேட்டார்.

"தம்பி, முதியோருக்கு என்ன கண்டிஷன் வச்சிருக்கீங்க?"

"அறுபத்தஞ்சு முடிஞ்சிருக்கணும். சொந்த வருமானம் இருக்கக் கூடாது."

"வருமானத்துல பிரச்சினை இல்ல."

"அதுல இவரை அடிச்சுக்க ஆளே இல்ல சார்" என்றார் பெட்டியம்மா, கம்பளியைப் பார்த்தபடி.

"வயசு?" என்றார் ஆய்வாளர்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அவரே சொன்னால்தான் அது அவருடைய வயது.

"இவனும் நானும் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்சு" என்றார்.

ஆய்வாளர் என் தலையைப் பார்த்தார், அவர் தலையைப் பார்த்தார். "அவருக்கு மட்டும் இப்படி நரைச்சிருக்கே?"

"அவன் வேலைக்குப் போனான் தம்பி."

ஆய்வாளர் பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். அதில் உறுதிமொழி இருந்தது; விண்ணப்பிப்பவர் உரக்கப் படித்துக் கையெழுத்திட வேண்டும். தலைவர் மேடையில் நிற்பவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்: "நான், முதியவன்..." அடுத்த சொல்லில் குரல் பாதியாயிற்று. "...சொந்தமாகப் பிழைக்க வழியில்லாதவன்..." அதற்கு மேல் உதடு அசைந்ததே தவிரக் கேட்கவில்லை.

"‘தற்காலிகமா’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமா?"

"முடியாதுங்க."

"பிறரைச் சார்ந்து வாழ்பவன்" என்று படித்து முடித்தார். பெட்டியம்மா கம்பளியை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்யக் கிடைத்த இடங்களிலேயே இதுதான் பெரியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவர் கையெழுத்திட்டார். கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும், நடுங்கவில்லை. பேனாதான் முதலில் எழுதவில்லை, உதறித் திரும்பப் போட்டார்.

'பராமரிப்பவர்' என்ற இடத்தில் ஆய்வாளர் பெட்டியம்மாவை எழுதினார். "பராமரிக்கறவங்க என்ன தொழில் பண்றாங்கன்னு இந்தப் படிவத்துல கேக்கல" என்று பொதுவாகச் சொன்னார். நான் இரண்டு படிவங்களையும் வரி விடாமல் படித்தேன். எல்லாம் உண்மை. கையெழுத்திட்டேன். ஆய்வாளர் ஜன்னல் விளிம்பிலிருந்த சின்னத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல் குத்திக்கொண்டு, அதிகாரி முன் நிற்கக் கிளம்பினார்.

அந்த மாதமே பெட்டியம்மா மந்திரி கையால் சான்றிதழ் வாங்கினார். மேடையில் மந்திரி என்ன சொன்னார் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுது. அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். முதியோர் பட்டியலை வட்டார அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். கட்சிக்காரர்கள் படித்தார்கள். இளைஞர் அணியிலிருந்து தலைவரை விடுவித்து ஒரு கடிதம் வந்தது. அதில் அவருடைய நீண்ட இளமைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அவர் சாயம் பூசுவதை நிறுத்தினார். சில வாரம் மூன்று நிறத்தில் இருந்தார்.

நான் எதிர்பாராத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. பிறரைச் சார்ந்து வாழ்பவன் என்று கையெழுத்துப் போட்டதிலிருந்து அந்த மனிதரால் உட்கார முடியவில்லை. ஒரு காலை, வாசலில் இறக்கிப் போட்ட கரி மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பெட்டியம்மா பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஐயோ, கீழ வைங்க! யாராவது பாத்தா?"

"பாக்கட்டுமே. உழைக்கறது குத்தமா?"

"உங்களுக்குக் குத்தம்தான். கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வருஷா வருஷம் வந்து பாப்பாங்களாம். மூட்டை தூக்கற ஆளுக்கு எதுக்கு அறைன்னு கேட்டா என்ன சொல்றது? போய் வாசல்ல உக்காருங்க."

"எவ்வளவு நேரம்டி உக்காந்திருக்கறது?"

"இத்தனை வருஷம் கேக்காத கேள்விய இப்பக் கேக்கறீங்க பாருங்க!"

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஜன்னலிலிருந்து தெரியாதபடி அறையின் குறுக்கே ஒரு திரை. திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து தலைவர் தேய்த்த துணிகளை மடிக்கிறார், மூட்டை கட்டுகிறார், பொத்தான் போனதற்குப் பொத்தான் தைக்கிறார். மடிப்பு இன்னும் கோணல்தான். பாதியைப் பெட்டியம்மா பிரித்துத் திரும்ப மடிக்கிறார். நேற்று என் சட்டையை வாங்கப் போயிருந்தேன். ஜன்னலோரம் நான் நிற்கும்போதே பெட்டியம்மா திரைப் பக்கம் திரும்பி, "சத்தம் போடாம மடிங்க, வெளிய கேக்குது" என்றார்.

"மடிக்கறதுல ஏதுடி சத்தம்?" என்றது திரை.

"மடிக்கறதுல இல்ல. உழைப்போட பெருமைய சட்டைக்கெல்லாம் சொல்லிக்கிட்டே மடிக்கறீங்களே, அந்தச் சத்தம்."